ஒரு முக்காற்புள்ளி செய்யும் அட்டூழியம்

பிரவுசருக்கே புரியாத செலக்டரை (பக்கத்தின் உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் குறியீட்டை) எழுத இடம் கொடுத்துவிட்டு, புரியவில்லை என்று பிரவுசர் அலறும்போது அதன் வாயைப் பொத்திவிடும் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் வழக்கத்தை இனியும் வசதி என்று பாராட்ட என்னால் முடியாது.

‘லிஸ்ட்’ வகுப்புக்குள் இருக்கும் ‘ரோ’ வகுப்பு உறுப்புகளைக் கேட்டு ‘.லிஸ்ட் .ரோ’ என்று எழுதும்வரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. நூலகம் அதைப் பிரவுசரின் குவெரிசெலக்டர்ஆல் செயற்கூறிடம் ஒப்படைக்கிறது. விடை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரிபவை மட்டும் வேண்டும் என்று அந்தச் செலக்டரின் வாலில் ‘:விசிபிள்’ ஒட்டிப் பாருங்கள். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் அப்படியொரு செலக்டர் கிடையாது என்பதால் பிரவுசர் தொடரியல் பிழையை வீசும். நூலகம் அந்தப் பிழையைப் பிடித்து விழுங்கிவிட்டு, சிசில் என்ற தன் சொந்த எஞ்சினை எழுப்பும். அந்த எஞ்சின் செலக்டரைத் துண்டு துண்டாகப் பிரித்து, வலக்கோடியிலிருந்து தொடங்கி, ‘ரோ’ வகுப்புள்ள உறுப்புகள் அத்தனையையும் திரட்டி, ஒவ்வொன்றிடமும் அகலம் உண்டா, உயரம் உண்டா என்று விசாரிப்பதோடு நில்லாமல், அதன் பெற்றோர், பெற்றோரின் பெற்றோர் என்று மேலேறி ‘லிஸ்ட்’ எங்கேனும் தென்படுகிறதா என்றும் தேடும். இடையில் ஸ்டைல் மாறியிருந்தால், அந்த அகல உயரத்தைச் சொல்வதற்காகவே பிரவுசர் பக்க அமைப்பை மறுபடியும் கணக்கிட்டாக வேண்டும். இத்தனையையும் ஸ்க்ரோல் நிகழ்வுக்குள் வைத்துவிட்டுப் போன புண்ணியவானின் நிரலைப் பராமரிக்கும் பொறுப்பு இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது.

2009 ஜனவரியில் ஜேகுவெரியின் 1.3ஆம் பதிப்போடு இந்தச் சிசில் எஞ்சின் வந்தபோது அதற்கு நியாயம் இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, 7 ஆகியவற்றில் குவெரிசெலக்டர்ஆல் என்பதே இல்லை. அந்த நியாயம் என்றோ காலாவதியாகிவிட்டது.

ஜேகுவெரியின் ஆவணத்தில் எழுதியிருக்கிறதே என்பார்கள். எழுதித்தான் இருக்கிறது, முதலில் வெறும் சிஎஸ்எஸ் செலக்டரால் தேடி, பிறகு ஃபில்டர் செயற்கூறில் ‘:விசிபிள்’ கொடுத்து வடிகட்டுங்கள் என்ற அறிவுரையும் அங்கேயே இருக்கிறது. ஆனால் நிரல் எழுதுகிறவரின் கண் பதிந்திருப்பது பிழைகளைக் காட்டும் கன்சோலில் அல்லவா? அங்கே ஈ எறும்புகூட ஊர்வதில்லை.

இதில் உச்சக்கட்ட எரிச்சல் என்னவென்றால், ஜேகுவெரி மூன்றாம் வரிசையின் பிற்காலப் பதிப்புகளில், பிரவுசர் ஏற்க மறுத்த செலக்டர் எது என்பதை நூலகம் தனக்கென ஓரிடத்தில் குறித்து வைத்துக்கொள்கிறது. மறுமுறை அதே செலக்டர் வந்தால் பிரவுசரிடம் போய் நேரத்தை வீணாக்குவதில்லை. தன் நேரத்துக்கு இவ்வளவு கறாராகக் கணக்கு வைத்துக்கொள்ளும் நூலகத்துக்கு, அதே இடத்தில், நிரலாளர் படிப்பதற்கான சுருக்கப்படாத கோப்பிலாவது, எச்சரிக்கையாக ஒரு வரி சேர்க்க என்ன கேடு வந்தது?