குண்டு பல்பை ஒபாமா தடை செய்யேல்லை

தம்பி, "ஒபாமா குண்டு பல்பைத் தடை செய்தவர், ட்ரம்ப்தான் திருப்பிக் குடுத்தவர்" எண்டு மேல போட்டிருக்கிறியள், அது பிழை. பல்ப் பற்றின அந்த அமெரிக்கச் சட்டம் 2007 டிசம்பரில வந்தது, கையெழுத்து வச்சது குடியரசுக் கட்சி ஜோர்ஜ் புஷ், ரெண்டு கட்சிக்காரரும் சேர்ந்துதான் வோட் போட்டவை, ஒபாமா பதவிக்கு வந்ததே 2009இல. குண்டு பல்ப் விக்கக்கூடாது எண்டும் அதில இல்லை, இவ்வளவு கரண்டுக்கு இவ்வளவு வெளிச்சம் தரவேணும் எண்டுதான் இருந்தது, பழைய பல்ப் அதில தேறேல்லை.

பிறகு 2011இல அதே குடியரசுக் கட்சிக்காரர்தான் அதை இல்லாமல் பண்ண நிண்டவை, சரிவரேல்லை. 2019இல ட்ரம்ப் நிர்வாகம் அந்தச் சட்டத்தின்ர இன்னும் இறுக்கமான அடுத்த கட்டத்தை நிப்பாட்டினது, 2022இல பைடன் நிர்வாகம் திருப்பிக் கொண்டுவந்தது.

எங்கட புதுக்குடியிருப்பு வீட்டில, மீள்குடியேறி கரண்ட் எடுத்த புதுசில 60 வாட் குண்டு பல்ப்தான், அதுக்குக் கீழ இருந்து படிச்ச மகள் தலை சுடுது எண்டு கதிரையைத் தள்ளிப் போடுவாள். இப்ப அதே ஹோல்டரில 9 வாட் எல்இடி, வெளிச்சம் கொஞ்சமும் குறையேல்லை. இதுக்குள்ள என்ன கட்சி? பதிவைத் திருத்திவிடுங்கோ தம்பி, எங்கட பிள்ளையளும் இதை வாசிக்குதுகள்.