தேர்தலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை

பயங்கரவாதத் தாக்குதலின் துக்கத்தில் சேரும் நாடு தேர்தல் வந்ததும் பிரிகிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தேர்தல் வரை அரசியல்வாதிகள் எங்கே பொறுத்தார்கள்? 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த மாதமே, பயங்கரவாத வழக்குகளை விசாரிக்கும் மத்திய அமைப்புக்கான தேசியப் புலனாய்வு முகமைச் சட்டம் நிறைவேறியது. சரி, அதுவரை சேர்ந்திருந்தார்கள். நாடாளுமன்றத் தேர்தல் இல்லாத 2012-இல் மத்திய அரசு தேசியப் பயங்கரவாதத் தடுப்பு மையம் என்றதும், மாநில உரிமையில் கைவைக்கிறது என்று ஜெயலலிதா உட்படப் பல முதல்வர்கள் எதிர்க்க, திட்டம் கிடப்புக்குப் போனது. (என் ஓட்டு மாநிலங்களுக்குத்தான், அது வேறு கதை.)

மும்பையைத் தாக்கியவர்கள் குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி வந்ததால் கெடுபிடி மட்டும் கடற்கரைக்கு வந்தது. எங்கள் பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுக்காரர் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கி, அடையாள அட்டையைப் பாலித்தீன் பையில் சுற்றி மடியில் செருகிக்கொண்டுதான் கிளம்புகிறார். அரசியல்வாதிகள் சேர்ந்திருந்தபோதும் சரி, அடித்துக்கொண்டபோதும் சரி, அவரை யார் கேட்டார்கள்?