திறக்க மாட்டேன் என்கிற டிவிடி டிரைவ்

லேப்டாப்பில் டிவிடி டிரைவ் பட்டனை அழுத்தினால் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், தட்டு வருவேனா என்கிறது. உள்ளே மாட்டியிருப்பது அக்கா கல்யாண டிவிடி, வேறு பிரதியும் கிடையாது, படம் எடுத்த பென்னாகரம் ஸ்டுடியோவை எப்போதோ மூடிவிட்டார்கள்.

தருமபுரி நான்கு ரோடு பக்கம் ஒரு கடையில் காட்டினால், தொட்டுக்கூடப் பார்க்காமல் “டிரைவ் போயிடுச்சு சார், இப்பல்லாம் யார் டிவிடி பாக்குறாங்க” என்கிறார். எங்கம்மா பார்க்கிறாரே!

இத்தனைக்கும் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. இந்த மெல்லிய டிரைவ்களில் தட்டைத் தள்ள மோட்டாரெல்லாம் இல்லை, ஒரு சின்ன கொக்கி, அதை விடுவிக்க ஒரு மின்காந்தம், அப்புறம் ஸ்பிரிங் கொஞ்சமாக வெளியே தள்ளும், மீதியை நாம்தான் இழுக்க வேண்டும். கொக்கி விடவில்லை என்றால் அதற்கென்றே முகப்பில் குண்டூசி அளவு துளை ஒன்று உண்டு. லேப்டாப்பை அணைத்துவிட்டு, பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நேராக விட்டு அழுத்த வேண்டும். அழுத்தினேன், கிளிப்தான் வளைந்தது. கொஞ்சம் தடித்த கிளிப்பாகப் பார்த்து, ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறுகை நகத்தால் தட்டின் விளிம்பை நெம்பியதும் ‘கரக்’ என்று வந்தது.

பார்த்தால், மாப்பிள்ளை பெண் படம் போட்ட ஸ்டிக்கர் ஓரம் உரிந்து, பசையோடு சுருண்டு மேலே ஒட்டியிருக்கிறது. 1.2 மில்லிமீட்டர் தடிமன் வட்டு, அதற்கேற்ற இடம்தான் உள்ளே இருக்கும், அதன் தலையில் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னது யாரய்யா? மார்க்கர் பேனாவால் பெயர் எழுதினால் கல்யாணம் செல்லாதா?