சேவ் பண்ணி வைக்கலையா?

"ஏன்க்கா, சேவ் பண்ணி வைக்கலையா?"

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு அறை வாசலில் நின்று என் தம்பி கேட்ட கேள்வி இது. கணினி விளையாட்டில் நான் ஆடிக்கொண்டிருந்த வீராங்கனை, என் வால்கிரி, கல்லாகி முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் "இன்ஷூரன்ஸ் போட்டிருந்தாரா?" என்று விசாரிப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அந்த ஜாதி.

நெட்ஹேக் என்கிற இந்த நிலவறை விளையாட்டில் சேவ் பண்ணலாம் அப்பனே, தாராளமாகப் பண்ணலாம். பண்ணிய மறு நொடி ஆட்டம் கதவைச் சாத்தி வெளியே அனுப்பிவிடும். திரும்பி வந்தால் அந்தக் கோப்பை அழித்துவிட்டுத்தான் உள்ளே விடும். புத்தகத்தில் பக்கம் மடித்து வைப்பது போல, அவ்வளவுதான் அதன் பயன். செத்தால் புத்தகத்தையே கொளுத்திவிடுவார்கள். 1987-இல் வெளிவந்த ஆட்டம். இத்தனை வருடம் ஆகியும் அந்தத் திமிர் மட்டும் குறையவே இல்லை.

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

மூன்று வாரமாக வளர்த்த ஆள். இருபத்தோராயிரம் டர்ன், அதாவது நகர்வு. பதினாறாவது தளத்தில் ஒரு ராணுவக் கொட்டடி, உள்ளே வரிசையாகத் தூங்கும் சிப்பாய்கள். என் கையில் காக்கட்ரைஸ் பிணம். ஆடியவர்களுக்கு இந்த இடத்திலேயே முடிவு தெரிந்திருக்கும். சிரிக்காதீர்கள். ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது கோழி மாதிரி ஒரு சனியன், வெறுங்கையால் தொட்டவர் கல்லாகிவிடுவார். செத்தபிறகும் அந்தக் குணம் போகாது. அதனால் கையுறை மாட்டிக்கொண்டு அந்தப் பிணத்தையே ஆயுதமாகப் பிடித்து அடித்தால், அடி வாங்குகிறவன் கல். பத்து நிமிடத்தில் கொட்டடி சிற்பக்கூடம் ஆகிவிட்டது. சிப்பாய் சிலை, சார்ஜென்ட் சிலை, கடைசியில் கேப்டனும் சிலை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். அந்த நிமிர்தலுக்குத்தான் தண்டனை என்று இப்போது தோன்றுகிறது.

கேப்டன் உடம்பில் பிளேட் மெயில் இருந்தது. நல்ல கவசம், எடை 450. சிலையை உடைத்தால் கிடைக்கும். இனி ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். பிணத்தை விட்டுக் குந்தாலியைக் கையில் எடுத்தேன். சிலையை உடைத்தேன். கவசத்தை எடுத்தேன். திரையின் அடியில் 'பர்டன்டு' என்று ஒரு வார்த்தை வந்தது. சுமை அதிகம் என்று அர்த்தம். பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நன்றாகப் பார்த்தேன். அங்கேயே நின்று வேண்டாத நாலு சாமானைக் கீழே போட்டிருக்கலாம். ஆனால் காக்கட்ரைஸ் பிணம் சுமார் 250 டர்னில் அழுகிப்போகும், அதற்குள் கீழ்த் தளத்திலும் நாலு பேரைக் கல்லாக்கிவிடலாம் என்று ஒரு பேராசை. குந்தாலியை வைத்துவிட்டுப் பிணத்தை மறுபடி கையில் எடுத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நானே எடுத்தேன்.

படிக்கட்டுவரை நடந்தேன். இறங்கும் பொத்தானை அழுத்தினேன்.

திரை சொன்னது: படிக்கட்டில் உருண்டு விழுகிறீர்கள். விழும்போது காக்கட்ரைஸ் பிணத்தைத் தொடுகிறீர்கள். கல்லாகிறீர்கள்.

கையுறை இருந்தது ஐயா! போட்டுக்கொண்டுதான் இருந்தேன்! ஆனால் உருண்டு விழுகிறவனுக்குக் கை மட்டுமா படும், மூக்கு படாதா, முழங்கை படாதா என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். சுமையோடு இறங்கினால் உருளுவான், உருண்டால் பிணத்தின் மேல் விழுவான், விழுந்தால் கையுறை உதவாது. இதை நிரலாக எழுதி, சரிபார்த்து, திருப்தியோடு எழுந்து போய்த் தேநீர் குடித்திருப்பார் அந்த மனிதர். மொத்த விளையாட்டிலும் என்னைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

பையில் பல்லிப் பிணம் வேறு இருந்தது. கல்லாவதற்கு அதுதான் மருந்து, பத்து தளமாகப் பொத்திப் பொத்திச் சுமந்து வந்தேன். ஆனால் மெதுவாகக் கல்லாகிறவர்களுக்குத்தான் அது மருந்தாம். என்னைப்போல் பட்டென்று கல்லாகிறவர்களுக்கு வாயைத் திறக்க நேரம் கிடையாதாம்.

இதோடு விட்டிருந்தால் மன்னித்திருப்பேன். செத்த கையோடு அந்த ஆட்டம் ஒரு கேள்வி கேட்கும், தெரியும்தானே? உன் உடைமைகள் எல்லாம் என்னென்ன என்று காட்டட்டுமா என்று கேட்கும். உயிரோடு இருந்தபோது இது என்ன மோதிரம், இது என்ன மருந்து என்று தலைகீழாக நின்றாலும் சொல்லாது. சாவு விழுந்ததும் பணிவு பொங்கும். காட்டு என்றேன். காட்டியது.

ஆறாவது தளத்திலிருந்து என் பையில் ஒரு தாயத்து கிடந்தது. என்னவென்று தெரியாததால் மாட்டவே இல்லை. ஏன் மாட்டவில்லை? கணக்குத் தெரிந்தவள் அல்லவா நான். நான் ஆடும் 3.6 பதிப்பில், வழியில் கிடைக்கும் தாயத்து ஆயிரத்தில் 135 முறை கழுத்தை நெரிக்கும் தாயத்து. மாட்டிய ஆறு டர்னில் ஆள் காலி, சபிக்கப்பட்டதாக இருந்தால் கழற்றவும் முடியாது. செத்தாலும் ஒருமுறை உயிரைத் திருப்பித் தரும் தாயத்து ஆயிரத்தில் 75 தான். ஆகவே நிதானமாக, அறிவாளியாக, பத்து தளம் அதைப் பையிலேயே வைத்திருந்தேன்.

அது அந்த 75-இல் ஒன்று.

கழுத்தில் இருந்திருந்தால் கல்லானவள் எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு நடந்திருப்பேன். இதைப் படித்து முடித்தபோது நான் போட்ட சத்தத்தில்தான் தம்பி எழுந்து வந்தான். அவன் பார்த்தது என்ன? கறுப்புத் திரை, நாலைந்து கோடுகளால் வரைந்த ஒரு கல்லறை, எதிரே தலையில் கைவைத்த அக்கா. நான் ஆடும் வடிவத்தில் படமே கிடையாது. நான் ஒரு அட் குறி (@), என்னைக் கொன்ற பிணம் உயிரோடு இருந்தபோது மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன ஆங்கில எழுத்து. "எழுத்துக்காகவா அழறே?" என்று வேறு கேட்டான்.

தட்டித் தட்டி ஆடும் வேக விளையாட்டுகளில் சாவுக்கு நூறு காரணம் கிடைக்கும். விரல் வழுக்கியது, நெட் தாமதம், பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். டர்ன் கணக்கில் ஓடும் நிலவறைக்குள் அந்த ஆறுதலுக்கு இடமே இல்லை. நான் அடுத்த பொத்தானை அழுத்தும்வரை மொத்த உலகமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. அந்தப் படிக்கட்டின் தலையில் நின்று பத்து நாள் யோசித்திருந்தாலும் காத்திருக்கும். சாப்பிட்டுவிட்டு வரலாம், தூங்கி எழுந்து வரலாம், நாலு பேரிடம் கருத்துக் கேட்டுவிட்டு வரலாம். எனக்கு இருந்தது எல்லையில்லாத அவகாசம். நான் எடுத்துக்கொண்டது அரை நொடி. இதில் யாரைத் திட்டுவது? அதனால்தான் எல்லாரையும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பழைய ஆட்கள் உடனே கிளம்பிவிடுவார்கள், இதெல்லாம் ஒரு கொடுமையா என்று. 1981-இல் வந்த விசார்ட்ரி என்ற விளையாட்டில் செத்தவனைக் கோயிலில் காசு கட்டி எழுப்பப் பார்ப்பார்கள், எழாவிட்டால் சாம்பல். சாம்பலையும் எழுப்பப் பார்த்துத் தவறினால் அந்த ஆளே இல்லை. காசு மட்டும் திரும்பி வராது. டெலிபோர்ட் கணக்குக் கொஞ்சம் பிசகினால் மொத்தக் கூட்டமும் பாறைக்குள் சமாதி. வாழ்த்துகள் ஐயா, நீங்கள் எங்களைவிட அதிகம் அழுதிருக்கிறீர்கள், பதக்கம் உங்களுக்கே. இன்னொரு பக்கம், 2002-இல் வந்த ஃபயர் எம்பளம் விளையாட்டில் அடி விழும் வாய்ப்பு என்று திரையில் ஒரு சதவீதத்தைக் காட்டிவிட்டு, உள்ளுக்குள் குலுக்கி எடுத்த இரண்டு எண்களின் சராசரியை வைத்துத்தான் அடி விழுமா என்று முடிவு செய்வார்கள். 90 என்று காட்டினால் நிஜத்தில் 98. நம் மனம் நோகக்கூடாது என்று சொன்ன அன்பான பொய். எனக்கும் யாராவது இப்படிப் பொய் சொல்லியிருக்கலாம்.

"நியாயமான ஆட்டம், சாவிலிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று ஒருவர் வருவார் பாருங்கள். கற்றுக்கொண்டேன். காக்கட்ரைஸ் பிணத்தைக் கையில் பிடித்தபடி சுமையோடு படி இறங்கக்கூடாது. என் மிச்ச வாழ்க்கையில் இந்த ஞானம் எங்கே பயன்படும் என்று அவரே சொல்லட்டும்.

தம்பி கடைசியாக, "அப்ப எதுக்குத்தான் இதை ஆடறே?" என்று கேட்டான். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் விரல் புது ஆட்டம் தொடங்கிவிட்டது. புது வால்கிரி, புதுப் பூனைக்குட்டி, முதல் தளம். செத்தவர் விழுந்த தளத்தை இந்த ஆட்டம் சில சமயம் எடுத்து வைத்து அடுத்த ஆட்டத்தில் காட்டும். அதிர்ஷ்டம் இருந்தால் என்றைக்காவது அந்தப் பதினேழாவது தளத்துக்கு இறங்கும்போது, படிக்கட்டுப் பக்கத்தில் பழைய நானே சிலையாக நின்றுகொண்டிருப்பேன். அதற்குள்ளே அந்தத் தாயத்தும் இருக்கும். அந்த நப்பாசையில் மூன்றாவது தளம் வரை வந்துவிட்டேன். பூனை செத்துவிட்டது.

இதற்கு நடுவில் இன்று காலை ஒரு இணையப் படிவம். நாலு பக்கம். மூன்றாவது பக்கத்தில் ஏதோ ஒரு எண்ணைத் தேட எழுந்து போய்விட்டு வந்தால் நேரம் முடிந்துவிட்டதாம், முதலிலிருந்து நிரப்ப வேண்டுமாம். நெட்ஹேக்காவது நான் வரும்வரை காத்திருந்தது! இதில் சேவ் பொத்தானும் கிடையாது. எல்லாம் அழிந்த வெற்றுப் பக்கத்தின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் எழும்பி நின்று, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது.