உள்துணியில் ஒளிந்த ஓவியம்

ஜப்பானியக் கைத்தையல் உடைகளின் அழகைச் சொல்ல வந்த உங்கள் கட்டுரை வாபி-சாபி என்னும் ஜப்பானிய அழகுப் பார்வையோடு நின்றுவிட்டது. பழசானதிலும் குறைபட்டதிலும் அழகு காணும் அந்தப் பார்வை சரிதான். ஆனால் எடோ காலத்து (1603–1868) ஹவோரி மேலங்கியை விட்டது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. வணிகர்கள் பகட்டாக உடுத்தக் கூடாது என்று அன்றைய அரசு திரும்பத் திரும்பத் தடை போட்டது. அவர்களும் வெளியே பழுப்பு, சாம்பல், கருநீலம் என்று அடக்கமாக உடுத்திக்கொண்டு, உள்துணியில் அருமையான ஓவியங்களை வைத்துத் தைத்துக்கொண்டார்கள். அங்கியைக் கழற்றும்போது ஒரு கணம் கண்ணில் படும், அவ்வளவுதான். என்ன ஒரு ரசனை!

அப்புறம் ஜப்பானியரின் பாரம்பரிய நீள அங்கியான கிமோனோவின் தையல். இரண்டு துண்டுகளைச் சேர்த்தபின் தையல் கோட்டிலேயே மடிக்காமல், சுமார் 2 மில்லிமீட்டர் தள்ளி மடித்து அழுத்துவார்கள். 'கிசே' எனப்படும் அந்த மெல்லிய மடிப்புக்குள் நூல் மறைந்துவிடும். கைத்தையல் என்பதால் பிரிப்பதும் சுலபம். முன்பெல்லாம் நன்றாக அலச வேண்டுமென்றால் துண்டு துண்டாகப் பிரித்துத் துவைத்து, இழுத்துக் கட்டிக் காயவைத்து, மறுபடி தைப்பார்கள். நைந்த பகுதியை உள்ளே தள்ளிவிடவும் அப்போது வழி கிடைக்கும். அடுத்த பகுதி எழுதினால் இந்தத் தையல்காரர்களின் கைத்திறனுக்கும் இடம் கொடுங்கள்.