முகம் பொருந்தலனா சத்துமாவு கிடையாதா?

நேத்து க்ரூப்ல சுத்துன அந்த வீடியோவ பத்தி பேசவே கூடாதுனுதான் இருந்தேன். ராத்திரி முழுக்க தூக்கம் வரல. "வாசல்ல மாசமா இருக்கிற பொண்ணு நிக்குது, பால்வாடி டீச்சர் போன நோண்டிட்டு இருக்கு"னு எழுதி, கீழ வரிசையா சிரிப்பு. அந்த டீச்சர் எங்க அக்கானு உங்கள்ல பாதி பேருக்கு தெரியும். தெரிஞ்சும் சிரிச்சிருக்கீங்க.

அவ அந்தப் பொண்ணோட முகத்ததான் போன்ல எடுத்துட்டு இருந்தா. வீட்டுக்கு குடுத்தனுப்புற சத்துமாவுக்கு போஷன் டிராக்கர்ங்கிற அங்கன்வாடி ஆப்ல முகத்த காட்டி சரிபாக்கணும்னு 2025 ஜூலை 1-ல இருந்து மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கு. ஆதார் வச்சு ஆள் யாருனு உறுதி பண்ற இகேஒய்சி, போனுக்கு ஓடிபி, அப்புறம் முகம். அந்தப் பொண்ணோட ஆதார் போட்டோ ஸ்கூல் படிக்கும்போது எடுத்தது. இப்ப எட்டாம் மாசம், முகமெல்லாம் நீர் கோத்து வீங்கிக் கிடக்கு. பொருந்தல. வெளிச்சத்துக்கு வாம்மானு வாசல்ல நிக்க வச்சு, முடிய ஒதுக்கிவிட்டு மறுபடி எடுத்தா, பொருந்தல. ஓடிபி போற நம்பரோ வீட்டுக்காரரோடது, அவர் திருப்பூர்ல பனியன் கம்பெனில ஷிப்ட்ல இருக்காரு. நாலாவது தடவ போன எடுத்தவரு "யாரு நீங்க, ஓடிபி எல்லாம் சொல்ல முடியாது"னு வச்சிட்டாரு. அவர் மேல என்ன தப்பு, ஓடிபிய யார் கேட்டாலும் சொல்லாதீங்கனு வருஷக்கணக்கா எல்லாரும் சொல்லிக்குடுத்ததுதானே. இந்த நாப்பது நிமிஷத்துலதான் யாரோ தெருவுல நின்னு வீடியோ எடுத்திருக்காங்க.

அந்த நம்பர மாத்தத்தான் அக்கா மூணு வாரமா அலையுறா. ஒரு ஆபீஸ்ல "இது ஆதார் பிரச்சனை, எங்க கையில ஒண்ணும் இல்ல"ங்கிறாங்க. ஆதார் எடுக்கிற இடத்துல "எங்க பக்கம் சரியாதான் இருக்கு, ஆப்ல கேளுங்க"ங்கிறாங்க. ஆப்ப பத்தி கேட்டா "மேல எழுதியாச்சு, வரும்"ங்கிறாங்க. இந்த ஏற்பாடு கெட்டுப்போனா யார்கிட்ட போறது? நான் கேக்குறது இது ஒண்ணுதான்.

எத்தன கை இதுல இருக்குனு பாருங்க. சத்துமாவு செலவு மத்திய அரசும் மாநில அரசும் பாதிக்குப் பாதி. ஆப் டெல்லில இருக்கிற பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தோடது. முகத்த சரிபாக்குற ஆதார் இன்னொரு ஆணையம். கர்ப்பிணியோட விவரம் நம்ம சுகாதாரத்துறையோட பிக்மிங்கிற கர்ப்பிணிப் பதிவுல தனியா இருக்கு. நர்ஸம்மா அங்க ஏத்துன அதே பேரு, அதே வயசு, அதே எடைய அக்கா மறுபடி உக்காந்து இங்க தட்டுறா. குழந்தை பொறந்தா அங்க உடனே தெரியும், இங்க அக்கா வீட்டுக்குப் போய் கேட்டு, கர்ப்பிணினு இருக்கிறத பாலூட்டும் தாய்னு மாத்தணும். 2018 மார்ச் 8 அன்னைக்கு போஷன் அபியான்ங்கிற ஊட்டச்சத்துத் திட்டத்த ஆரம்பிச்சப்ப எல்லாத் துறையும் சேந்து வேலை செய்யணும்னுதான் சொன்னாங்க. நல்ல எண்ணம்தான், மனசார சொல்றேன். சேந்து ஆரம்பிச்சீங்க, கெட்டுப்போனா சேந்து உக்காந்து சரி பண்றது யாரு?

"ஐடில வேலை பாத்துட்டு நீயே டெக்னாலஜி வேணாங்குறியா"னு ஒருத்தர் வருவாரு. ஐடில இருக்கிறதாலதான் வயிறு எரியுது. பன்னெண்டு வருஷமா சாப்ட்வேர் சப்போர்ட்லதான் இருக்கேன். எங்க இடத்துல ரெண்டு டீம் ஒரே சிஸ்டத்த பயன்படுத்துனா, எந்தப் பகுதி யாரோடதுனு பேர் எழுதாம அது லைவ்க்கே போகாது. ராத்திரி ரெண்டு மணிக்கு படுத்துருச்சுனா முதல் போன் யாருக்கு, அவர் எடுக்கலனா அடுத்தது யாருக்குனு சுவத்துலயே ஒட்டியிருக்கும். யாரோ ஒரு கம்பெனி பில்லுக்கு இவ்வளவு பாக்குறோம். நாடு முழுக்க கிட்டத்தட்ட 14 லட்சம் அங்கன்வாடி. முன்னாடி ஐசிடிஎஸ் காஸ்னு ஒரு ஆப் இருந்துச்சு, பல மாநிலத்துல டீச்சருங்க திக்கித் திணறி அத பழகினாங்க, அது போய் 2021 மார்ச்ல போஷன் டிராக்கர் வந்துச்சு. திரும்ப முதல்ல இருந்து. மாத்தும்போதெல்லாம் எடை போடுற கைய ஒரு தடவ பக்கத்துல உக்கார வச்சு கேட்டிருக்கலாம்ல?

"போலி பேர் எழுதி மாவ விக்கிறாங்க, அதுக்குத்தான் முகம்"னு சொல்வீங்க. நடந்திருக்கலாம், இல்லைங்கல. பிடிங்க, தண்டிங்க. ஆனா கர்ப்பிணிக்கும் பாலூட்டுற தாய்க்கும் அங்கன்வாடி சாப்பாடு 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கிற உரிமை. மெஷினுக்கு அடையாளம் தெரியல, அக்காவுக்கு தெரியுதே. அந்தப் பொண்ணுக்கு மூணு வயசுல அரிசியும் பருப்பும் ஊட்டிவிட்டதே அவதான். குடுத்துட்டு அப்புறம் விசாரிங்க.

எங்கம்மா பீரோல என்னோட எடை அட்டை இன்னும் இருக்கு. 1980-ல நம்ம மாநிலத்துல உலக வங்கி உதவியோட ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்னு வந்துச்சே, மாசாமாசம் குழந்தைங்கள தராசுல தொங்கவிட்டு எடை பாப்பாங்க, அந்த அட்டை. ஓரமெல்லாம் பழுத்துப் போச்சு. நடுவுல ஒரு இடத்துல கோடு பொசுக்குனு கீழ இறங்கும். எனக்கு பத்து நாள் வயித்தால போனப்பவாம். எங்கம்மாவுக்கு படிக்கத் தெரியாது, ஆனா கோடு இறங்குனது தெரிஞ்சுது, அன்னைக்கு சாயந்தரமே அந்த எடை போடுற அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்களாம். இப்ப எங்க அக்கா தட்டுற எடை எங்க போகுது, யார் பாக்குறாங்கனு அவளுக்கே தெரியாது. தட்டாம விட்டா மட்டும் மெமோ கரெக்டா வரும்.

"டீச்சருங்க என்ன பெருசா கிழிக்கிறாங்க"னு எழுதினவருக்கு பதில் சொல்ல எனக்கு வாய் வரல. டீச்சரோட மதிப்பூதியத்துல மத்திய அரசு கணக்கு 4,500 ரூபாய், அது 2018 அக்டோபர்ல ஏத்துனது. மேல மாநிலம் போடுது, தெரியும், அதையும் சேத்துதான் சொல்றேன். அதுல ரீசார்ஜ் பண்ணி, சிக்னலுக்கு மாடி ஏறி, ராத்திரி பத்து மணிக்கு சாப்பாட்டுத் தட்டு பக்கத்துல இருக்க என்ட்ரி போடுறா. ஒரு நாள் வந்து பாருங்க. வேணாம், அரை நாள்.

அன்னைக்கு அந்தப் பொண்ணுக்கு மாவ குடுத்துதான் அனுப்புனா. ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கி வச்சிருக்கா, கேள்வி வந்தா நான் பாத்துக்கிறேன்னுட்டா.

வீடியோவ காட்டினப்ப அக்கா தன்ன பத்தி எழுதினத படிக்கவே இல்ல. "டேய், அந்தப் புள்ள முகம் தெளிவா தெரியுதுடா, மாமியார் வீட்டுல பாத்தா சங்கடப்படும், மொதல்ல அத அழிக்கச் சொல்லு"ன்னா. போட்டவர் இத படிப்பீங்க. அழிச்சிடுங்க.