எத்தனை கிலோ தூக்குவாய்?

நேற்று மாலை ஜிம்மில் பத்தொன்பது இருபது வயதுப் பையன் ஒருவன் பெஞ்சில் படுத்து வெறும் கம்பியை மார்புக்கு இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தான்; பெஞ்ச் பிரஸ் என்கிற பயிற்சி. சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. இடது கை முந்தியது, வலது கை பின்தங்கியது, கம்பி சாய்ந்து சாய்ந்து மேலே போனது. எட்டாவது முறை ஏற்றி ஸ்டாண்டில் வைத்துவிட்டு எழுந்தவன், பக்கத்து பெஞ்சில் கிடந்த கம்பியின் தட்டுகளை மனத்துக்குள் எண்ணினான். பிறகு என்னிடம் வந்து, "அண்ணா, பெஞ்ச் பிரஸ்ஸில் சராசரியாக ஒரு ஆள் எவ்வளவு தூக்குவான்?" என்று கேட்டான். கேட்கும்போதே முகம் சுண்டிப்போயிருந்தது.

அவனிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்த வெறும் கம்பியே 20 கிலோ. பெண்களுக்கான பளுதூக்கும் கம்பி 15 கிலோ. இது தெரியாமலே பலர் "நான் ஒன்றுமே தூக்கவில்லை" என்று வருந்திக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த வரை, பயிற்சியே இல்லாத, உடல்நலமுள்ள ஓர் ஆண் முதல் சில நாட்களில் ஒழுங்கான முறையில் ஒருமுறை தூக்கக்கூடியது, தன் உடல் எடையில் பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை. 70 கிலோ ஆள் என்றால் 35 முதல் 50 சொச்சம். பெண்களில் பலருக்கு வெறும் கம்பியும் அதற்கு மேல் கொஞ்சமும். ஓரிரு ஆண்டுகள் விடாமல் பயிற்சி செய்கிற ஆண்களில் பலர் தம் உடல் எடையையே தூக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். அதுவே உழைத்துப் பெற்ற பலம். அதைப் போய் "சாதாரணம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இணையத்தில் உலவும் "சராசரி" எங்கிருந்து வருகிறது? தூக்குகிறவர்கள் தாங்களாகவே பதிந்துவைத்த கணக்கிலிருந்து. கம்பியை ஒருநாளும் தொடாதவர் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. முயன்று பார்த்துவிட்டுப் பாதியில் நின்றவரும் இல்லை. ஓட்டப்பந்தயத்துக்கு வந்தவர்களை மட்டும் ஓடவிட்டு, ஊரே இவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று சொல்வதைப் போன்றது இது. 225 பவுண்டு, அதாவது 102 கிலோ, என்ற எண் எல்லோர் வாயிலும் அடிபடுகிறதே, அமெரிக்கக் கால்பந்துத் தொழில்முறை லீகுக்கு ஆள் எடுக்கும் முகாமில் வீரர்களால் எத்தனை முறை தூக்க முடியும் என்று சோதிக்கும் எடை அது. சிறுவயது முதல் உடலையே தொழிலாக வளர்த்தவர்களுக்கான சோதனை. அலுவலகம் முடிந்து ஒரு மணி நேரம் ஒதுக்கி வருகிறவரை அதை வைத்து அளப்பது என்ன நியாயம்?

எண் ஒன்றாக இருந்தாலும் உழைப்பு ஒன்றல்ல. கை நீளமானவர் அதே எடையை அதிக தூரம் தள்ளியாக வேண்டும். மார்புக்கூடு அகன்று கை குட்டையாக இருப்பவருக்குத் தூரம் குறைவு. முதல் சில வாரங்களில் எடை மளமளவென்று ஏறுவதற்கும் தசை பெருத்தது பெரிய காரணமல்ல. இருக்கிற தசையை ஒன்றுசேர்த்து இயக்க நரம்புகள் பழகுகின்றன. அந்தப் பையனின் கம்பி சாய்ந்ததும் அதனால்தான். அவன் கைகளுக்கு இன்னும் அந்த வேலை தெரியவில்லை, அவ்வளவுதான். தண்டால் எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: ஒவ்வொரு தண்டாலிலும் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன.

இந்த ஒப்பீட்டு ஆசை ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது எனக்கு நேரடியாகத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, ஜிம்மில் ஆள் குறைந்த நேரம், 80 கிலோ ஏற்றித் தனியாகப் படுத்தேன். தட்டுகள் நழுவாமலிருக்க இரு முனையிலும் கிளிப்பை இறுக்கியிருந்தேன். நான்காவது முறை கம்பி மார்பிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. பிறகு மெல்ல இறங்கி நெஞ்சின்மீது உட்கார்ந்தது. கிளிப் இருந்ததால் ஒரு பக்கம் சாய்த்துத் தட்டுகளைக் கீழே தள்ளவும் வழியில்லை. கூப்பிட வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது, குரல் வரவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். நெஞ்சில் கம்பியின் வரிகள் பதிந்த சிவப்புத் தடம் மறைய ஒரு வாரம் ஆனது. அந்த அம்மாவுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். தனியாகத் தூக்கினால் இருபுறமும் பாதுகாப்புக் கம்பிகள் உள்ள ரேக்குக்குள் தூக்குங்கள், அது இல்லையென்றால் கிளிப் போடாதீர்கள். கட்டைவிரலைச் சுற்றிப் பிடியுங்கள், விரல் சுற்றாத பிடியிலிருந்து கம்பி வழுக்கினால் விழும் இடம் நெஞ்சு அல்லது கழுத்து. பக்கத்தில் இருப்பவரைத் துணைக்கு அழைக்கக் கூச்சப்படாதீர்கள். அதிகபட்ச எடையைத் தூக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுமில்லை. தூக்கிய எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, 1 கூட்டி, எடையால் பெருக்குங்கள். 40 கிலோவை 6 முறை தூக்கினால் உங்கள் அதிகபட்சம் ஏறத்தாழ 48.

கம்பியை மார்பில் மோதவிட்டு எகிறவைப்பது, பாதி இறக்கி ஏற்றுவது, இடுப்பைப் பெஞ்சிலிருந்து தூக்குவது, இவையெல்லாம் எண்ணுக்காகச் செய்கிற காரியங்கள். போட்டியில் கம்பி மார்பில் அசையாமல் நிற்க வேண்டும், நடுவர் சொன்ன பிறகுதான் தள்ளலாம். ஈரானின் சியாமந்த் ரஹ்மான் மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 ரியோ பாராலிம்பிக்கில் 310 கிலோ தூக்கினார். அந்தப் போட்டியில் கால்களும் பெஞ்சின்மீதே நீட்டப்பட்டிருக்கும், தரையை உந்த வழியில்லை. அந்த எடையையும் அவர் மார்பில் நிறுத்தித்தான் ஏற்றினார்.

இத்தனையும் பையனிடம் சொல்லவில்லை. "தம்பி, மறுபடி படு, நான் தலைமாட்டில் நிற்கிறேன்" என்றேன். தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்துப் பெஞ்சில் அழுத்தச் சொன்னேன், பாதங்களைத் தரையில் ஊன்றச் சொன்னேன். இரண்டாவது செட்டிலும் கம்பி சாய்ந்தது. மூன்றாவதில் ஐந்தாம் முறைக்குப் பிறகு நேராக ஏறியது. எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியபடியே கைப்பேசியை எடுத்து, தேதி போட்டு எழுதினான்: 20 கிலோ. 8, 8, 9.